நூன் விசை

நான்கு திருகாணி. ஐந்தாவது
கேரண்டிச் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது.
மூடியைத் தூக்கியதும் மேஜையில் கொட்டியது
மேலப்பாளையம்:
பீடித் தூள், சிவப்பு நூலின் ஒரு முனை,
இலை வெட்டும் கத்தரியின் உடைந்த மூக்கு,
காய்ந்த பாச்சை இரண்டு.

"சுளவு வைக்கிற பலகைக்குக் கீழ கெடந்துது" என்றார்
செய்தலி பாத்துமா.
பீடிக் கம்பெனி பாஸ்புக்கில் மடித்து வைத்திருந்த
பெங்களூர்க்காரன் நம்பரைக் காட்டினார்.
ஓடினால் பதினெட்டாயிரம்.
வீட்டில் போர் மோட்டார் எரிந்து பதினோரு நாள்.

குவைத்திலிருந்து எண்பத்தேழில் வந்த சாமான்.
கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு,
முகத்துக்கு டீவிதான் மாட்டவேண்டும்.

சால்டரிங் முனை பட்டதும்
பவர் போர்டிலிருந்து கருவாட்டு வாடை.
கெப்பாசிட்டர் ஒழுகினால் அப்படித்தான்.
"அண்ணே, சாளையா நெத்திலியா?" என்றான்
பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன்.
ஏழைக் கழற்றினேன். புதுசு ஏழு
ஜங்ஷனில் நாற்பத்திரண்டு ரூபாய்.
ஒன்றைக் கால் மாற்றிப் போட்டு
டப்பென்று வெடிக்கவிட்டதை
பில்லில் சேர்க்கவில்லை.

பழுத்த மூடிக்குப் பெராக்சைடு பூசி
பாலிதீன் சுற்றி மொட்டைமாடியில் வைத்தேன்.
அக்னி நட்சத்திர வெயிலுக்கு
மூன்று மணி நேரம் போதும்.
வடை தின்னப் போன இடத்தில்
திருப்பிப் போட மறந்ததில்
இடது தோளில் மட்டும் ஒரு தேமல்.

நீலத் திரை மறுநாள்தான் வந்தது,
டீவியின் மூன்றாம் சேனலில், கொஞ்சம் நடுங்கி.
விசைகளில் இங்கிலீஷுக்குப் பக்கத்தில் அரபி.
எனக்கு இங்கிலீஷே தட்டுத் தடுமாற்றம்.
அவர்தான் விரல் வைத்துச் சொல்லிவந்தார்:
அலிஃப் அடிக்குது. பே அடிக்குது.
லாம் ரெண்டு தடவை விழுது.
நூன் விழவே மாட்டேங்கு.
பெயர்த்துப் பார்த்தேன்.
ஒரு பீடி இலைத் துணுக்கு
ரப்பருக்கும் கார்பனுக்கும் குறுக்கே
குலவணிகர்புரம் கேட் மாதிரிப் படுத்திருந்தது.
துடைத்துக் காய்ந்ததும்
நூன், நூன், நூன் என்று
வரி நிறைந்து அடுத்த வரிக்கு இறங்கும்வரை
அடித்துப் பார்த்தார்.

கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறுவதை
வீடியோ எடுத்து அனுப்பணுமாம்.
பெட்டியோடு வந்தது ஒரே கேசட்.
டேப்பின் பெல்ட் உருகித் தாராகி இருந்தது.
சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டிப் போட்டேன்.
ஜாக்கைப் பாதி செருகினால்
ஸ்பீக்கரிலும் கேட்கும், மிஷினுக்கும் போகும்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம்.
திரை பெயரைப் பிடித்தது. ஏறுகிறது. ஏறுகிறது.
சத்தம் அறுந்து
ஓர் ஆண்குரல்:
"இங்க எல்லாரும் நல்ல சுகம்.
ட்ராஃப்ட் அனுப்பிருக்கு. கொத்தனாருக்கு
முழுசாக் குடுத்துராதிய…"

புரோகிராமின் மேலேயே
கடுதாசி பேசிப் பதிந்திருக்கிறார்கள்.
மிஷின் அதையும் கொஞ்ச தூரம் படித்துப் பார்த்துவிட்டு
பிழை என்று நின்றது.

"உங்க வீட்டுக்காரரா?" என்றேன்.
"இல்ல, இது மீரான்கனி. ஒரே ரூம்ல கெடந்த ஆளு.
இவுகளுக்கு மைக்கைக் கண்டா
வாய் ஒட்டிக்கிடும்.
சொல்லவேண்டியத அவருகிட்ட சொல்லிப்
பேச வைப்பாக."

கொத்தனாருக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்.
மறுபடி ஓட்டச் சொன்னார்.
'கொத்தனாருக்கு'க்கும் 'முழுசா'வுக்கும் நடுவில்
மைக்கைவிட்டுத் தள்ளி
யாரோ இருமினார்கள்.
"அதுதான் அவுக."

பெங்களூர்க்காரனுக்கு
நாலு வரி கையால் அடித்து
ஒன்றிலிருந்து நூறுவரை மிஷின் எண்ணுவதை
வீடியோவாக அனுப்பினேன்.
தேமலைக் கண்டுபிடித்து
பதினாறுக்கு இறங்கினான்.
வியாழக்கிழமை பார்சல் ஆபீசில்
தெர்மாகோல் வைத்துக் கட்டும்போது
போன் வந்தது, கேசட்டும் சேர்த்துத்தானே?

அவரைப் பார்த்தேன்.
பர்ஸ் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டே
"அது ஓடாதுன்னு சொல்லிருங்க" என்றார்.